2011 முதல் தூங்கும் கணக்கின் பெயரை வேறொருவருக்குக் கொடுக்கலாமா?

கல்தச்சன்:
என் ஓவியங்களுக்கு ஒரு பெயர் வைத்து நான்கு வருடமாகப் புழங்குகிறேன். ஒரு தளத்தில் மட்டும் அது கிடைக்கவில்லை. அங்கே அதை வைத்திருப்பவர் 2011இல் "சோதனை" என்று ஒரே ஒரு பதிவு போட்டார், அதோடு சரி. நான் பெயருக்குப் பின்னால் ஓர் எண்ணை ஒட்டிக்கொண்டு திரிகிறேன். என்னைத் தேடி வருகிறவர்கள் அந்த வெற்றுப் பக்கத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறார்கள். இத்தனை வருடம் எட்டியே பார்க்காதவரின் பெயரை விடுவிக்கத்தான் வேண்டும்.

அந்திவானம்:
உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் யாஹூ 2013இல் இதைத்தான் செய்தது. ஓராண்டாகத் திறக்காத முகவரிகளைப் புதியவர்களுக்குக் கொடுத்தது. அப்புறம், பழையவருக்கு வரவேண்டிய மடல்கள் புதியவரின் பெட்டியில் வந்து விழுந்தன. அந்த முகவரியில் வேறெங்காவது கணக்கு இருந்தால், "கடவுச்சொல் மறந்துவிட்டதா?" என்பதை அழுத்தினாலே அதுவும் கைக்கு வந்துவிடும். கூகுள் 2023 டிசம்பரில், இரண்டு வருடம் தொடாத தனிநபர் கணக்குகளை அழிக்கத் தொடங்கியது. ஆனால் அழித்த ஜிமெயில் முகவரியை யாருக்கும் தருவதில்லை. அழிப்பது வேறு, கைமாற்றுவது வேறு.

கல்தச்சன்:
மின்னஞ்சலுக்குச் சரி, ஒத்துக்கொள்கிறேன். நான் கேட்பது படம் போடும் தளத்தில் ஒரு பெயர். விக்கிப்பீடியாவில் பங்களிப்பே இல்லாத கணக்கின் பெயரை முறைப்படி கேட்கலாம். பழையவருக்குத் தகவல் சொல்கிறார்கள், பதில் இல்லையென்றால் அவர் கணக்கை வேறு பெயருக்கு நகர்த்திவிட்டுத் தருகிறார்கள். அழிப்பதுகூட இல்லை.

வெண்மணல்:
என் அண்ணன் இறந்து ஆறு வருடம். அவன் கடைசியாகப் போட்டது குலுங்கிப்போன ஒரு நிலாப் படம். கீழே நான் "கை நடுங்குதா?" என்று கேட்டிருக்கிறேன். அவன் கடவுச்சொல் யாரிடமும் இல்லை. 2019 நவம்பரில் ட்விட்டர், ஆறு மாதமாக நுழையாத கணக்குகளை நீக்கப்போவதாக அறிவித்தது. எங்களைப் போன்றவர்கள் குரல் கொடுத்த பிறகே, இறந்தவர்களின் கணக்குகளை நினைவுப் பக்கமாக்க வழி செய்யும்வரை நிறுத்திவைத்தது. நீங்கள் சொல்லும் "எட்டியே பார்க்காதவர்" பட்டியலில் அண்ணனும் வருவான்.

கல்தச்சன்:
மன்னியுங்கள், அதை நான் யோசிக்கவில்லை. அண்ணன் பக்கத்தில் யாரும் கை வைக்கக் கூடாது. ஆனால் அதையும் ஒற்றைச் "சோதனை"யையும் ஒரே தராசில் வைக்க முடியுமா? ஒன்றுமே இல்லாத கணக்கை மட்டும்தான் கேட்கிறேன்.

அந்திவானம்:
வெளியே ஒன்றுமில்லாதவர் உள்ளே தனிச்செய்தியில் பேசியிருக்கலாமே. நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தில் கைவிடப்பட்ட பெயரை வேறொருவர் பிடித்து, பழைய களஞ்சியத்தின் (நிரல் கோப்புகளின் தொகுப்பு) பெயரிலேயே ஒன்றைத் திறந்தால், பழைய இணைப்பை நம்பும் நிரல்கள் அவர் வைத்ததை எடுத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. பெயரைச் சுற்றி என்னென்ன ஒட்டியிருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது.

கல்தச்சன்:
அதனால்தான் முதலில் அவரைக் கேட்கச் சொல்கிறேன். மின்னஞ்சலில் அறிவிப்பு, ஆறு மாத அவகாசம். அதற்கும் பதில் இல்லையென்றால்தான் கொடுக்க வேண்டும்.

வெண்மணல்:
அண்ணனுக்கும் அப்படி அறிவிப்பு வரும். அந்தப் பெட்டியைத் திறக்கவும் எங்களிடம் கடவுச்சொல் இல்லை.