கடையில் போட்ட பழைய ரீசார்ஜ் பேட்டரி எங்கே போகிறது? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மின்மினி

டார்ச், கேமரா, பிள்ளைகளின் பொம்மை எல்லாவற்றுக்கும் பல வருடமாக ரீசார்ஜ் பேட்டரிதான். சார்ஜ் நிற்காமல் போனவற்றை ஒரு டப்பாவில் சேர்த்து வந்தேன். போன மாதம் எண்ணிப் பார்த்தால் பென்சில் பேட்டரி 14, லேப்டாப்பிலிருந்து கழற்றியது ஒன்று. முனைகளில் நீல நிற டேப் ஒட்டி, ஒரு பெரிய எலக்ட்ரானிக்ஸ் கடைக்கு எடுத்துப்போனேன். வாசலிலேயே பெட்டி இருந்தது: 'பழைய பேட்டரிகளை இங்கே போடவும்.' போட்டேன்.

வெளியே வந்த பிறகுதான் கண்ணாடியைக் கல்லாவில் வைத்துவிட்டு வந்தது நினைவுக்கு வந்தது. திரும்பிப் போனால், துப்புரவு செய்யும் அம்மா அதே பெட்டியைத் தூக்கிக் கறுப்புக் குப்பைப் பையில் கவிழ்த்துக்கொண்டிருக்கிறார். காகிதக் கோப்பைகளுக்கும் கிழிந்த ரசீதுகளுக்கும் நடுவே என் நீல டேப் தெரிகிறது.

"என்னம்மா, இதைக் குப்பையில கொட்டுறீங்க?" என்றேன். "பெட்டி நிறைஞ்சா இதுலதான் கொட்டச் சொல்லியிருக்காங்க" என்றார். அவர் மேல் எனக்கு வருத்தமே இல்லை. மேலாளரிடம் போனேன். வண்டி வந்து எடுத்துப்போகும் என்றார். கடைசியாக எப்போது வந்தது என்று கேட்டதற்கு, தலைமை அலுவலகத்தில்தான் கேட்க வேண்டும் என்றார். என்னுடையவற்றைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். நம்பிப் போட்ட மற்றவர்களுடைய பேட்டரிகள் அந்தப் பையிலேயே போய்விட்டன. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

உங்களில் யாராவது கடையில் கொடுத்துவிட்டு, அது எங்கே போகிறது என்று தொடர்ந்து பார்த்திருக்கிறீர்களா?

பழைய கவுன்ட்டர்

நான் மூன்று வருடம் இப்படியொரு கடையின் சர்வீஸ் கவுன்ட்டரில் இருந்தவன். உங்களுக்கு நடந்தது எல்லாக் கடையிலும் நடப்பதில்லை, ஆனால் எப்படி நடக்கிறது என்று எனக்குத் தெரியும். பெட்டி வைப்பது சுலபம். நிறைந்த பெட்டியை எங்கே வைப்பது, யாரை அழைப்பது என்பதை எந்த ஊழியருடைய வேலையாகவும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள்.

எங்கள் கடையில் பின்பக்கம் மூடியுள்ள டிரம் ஒன்று இருந்தது. அது நிறைந்தால் எடுத்துப்போகும் நிறுவனத்துக்குப் போன் செய்வோம். வந்து எடை போட்டு, தேதியும் கிலோவும் எழுதிய சீட்டுக் கொடுப்பார்கள். அந்தச் சீட்டுகளை ஒரு கோப்பில் வைத்திருந்தோம். இனிமேல் எந்தக் கடைக்குப் போனாலும் அதைக் கேளுங்கள். ஒழுங்காக அனுப்பும் கடையால் ஒரு நிமிடத்தில் காட்ட முடியும்.

வாடிக்கையாளர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் டேப் ஒட்டினீர்கள், பெரும்பாலானவர்கள் ஒட்டுவதில்லை. ஒருவர் 18 வோல்ட் டிரில் பேட்டரியின் உறையை உடைத்து, உள்ளே இருந்த ஐந்து செல்களையும் நிக்கல் பட்டை தொங்கத் தொங்கப் பெட்டியில் போட்டுவிட்டார். பட்டை இன்னொரு செல்லின் முனையில் பட்டு, பத்து நிமிடத்தில் பிளாஸ்டிக் உருகும் வாடை. நான் மணல் வாளியோடு ஓடினேன். தீர்ந்துபோன பேட்டரி என்று நாம்தான் சொல்கிறோம். தீயை மூட்டும் அளவுக்குச் சார்ஜ் அதில் மிச்சம் இருக்கும்.

ஈரச்சாக்கு

என் போன் பேட்டரி உப்பிப்போய்த் திரையையே தூக்கிவிட்டது. கடையில் வாங்க மறுத்துவிட்டார்கள். முதலில் கோபம் வந்தது, ஆனால் மற்ற பேட்டரிகளோடு அதைப் போடக் கூடாது என்று அவர்கள் சொன்னது சரிதான். எங்கே கொடுக்கலாம் என்றும் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இரண்டு வாரம் மணல் நிரப்பிய தகர டப்பாவில் வீட்டுக்கு வெளியே வைத்திருந்து, பிறகு நகராட்சியின் அபாயக் கழிவு மையத்தில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்கள், ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

தரம்பிரிப்பவர்

கடையிலிருந்து வரும் டிரம்களைப் பிரிக்கும் இடத்தில் வேலை செய்கிறேன். எங்களிடம் வந்து சேர்ந்த பிறகு என்ன ஆகிறது என்று சொல்கிறேன்.

டிரம்மைத் திறந்தவுடன் முதல் வேலை கையால் பிரிப்பதுதான். சாதாரண அல்கலைன், நிக்கல் காட்மியம், நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு, லித்தியம் அயான் எல்லாம் கலந்து கிடக்கும். ஒவ்வொன்றுக்கும் வழி வேறு. காட்மியம் விஷம், மண்ணில் கலந்தால் பயிர் வழியாக நம் உடம்புக்குள் வந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். உலையில் சூடாக்கினால் 767 டிகிரி செல்சியஸில் அது ஆவியாகும். அந்த ஆவியைப் பிடித்துக் குளிர வைத்துத் தனியாக எடுப்பார்கள். மிஞ்சும் நிக்கலும் இரும்பும் பெரும்பாலும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஆலைக்குப் போகும்.

லித்தியம் அயானை மிச்ச மின்சாரத்தை இறக்கிவிட்டோ, ஆக்சிஜன் இல்லாத அறையிலோதான் அரைப்பார்கள். செம்புத் தகடும் அலுமினியத் தகடும் பிரிந்தபின் கரிபோல ஒரு பொடி மிஞ்சும். கோபால்ட், நிக்கல், மாங்கனீஸ், லித்தியம், கிராஃபைட் எல்லாம் அதில்தான். அமிலத்தில் கரைத்து ஒவ்வொன்றாகப் பிரிக்கலாம். நேராக உலையில் உருக்கினால் கோபால்ட், நிக்கல், செம்பு கிடைக்கும், லித்தியம் கசடோடு போய்விடும். அதனால் ஒரு நிறுவனம் 'மறுசுழற்சி செய்கிறோம்' என்று சொன்னாலும் எதை மீட்கிறார்கள் என்று கேட்பது நியாயமான கேள்வி. லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையில் கோபால்ட்டும் இல்லை, நிக்கலும் இல்லை. விற்றால் பெரிதாகக் காசு வராது என்பதால் அதை வாங்கவே தயங்கும் ஆலைகள் உண்டு.

மின்மினி பார்த்த அந்தக் கறுப்புப் பைதான் எனக்குப் பயம். குப்பை லாரியில் இரும்புத் தகடு குப்பையை நசுக்கும்போது லித்தியம் செல்லும் சேர்ந்து நசுங்கும். உள்ளே இருக்கும் மெல்லிய பிரிப்புத்தாள் கிழிந்தால் போதும், லாரியிலேயே தீப்பிடிக்கும். அங்கே நிற்பவரும் எங்களைப் போன்ற ஒரு தொழிலாளிதான்.

மின்மினி

எல்லோருக்கும் நன்றி. பழைய கவுன்ட்டர் சொன்னபடி வேறு ஒரு கடைக்குப் போய்ச் சீட்டைக் கேட்டேன். சின்னக் கடைதான். கவுன்ட்டரில் இருந்த பெண் மேசை இழுப்பறையிலிருந்து கோப்பை எடுத்துக் காட்டினார், கடைசிச் சீட்டு மூன்று வாரத்துக்கு முந்தையது. என் லேப்டாப் பேட்டரியைக் கண்ணாடி மேசைமேல் வைத்து ஒரு மூலையை விரலால் அழுத்திப் பார்த்தார். லேசாக ஆடியது. உப்பத் தொடங்கியிருக்கிறது என்று சொல்லி, அதை மட்டும் மணல் வாளிக்குள் வைத்தார். எனக்கு அது தெரியவே இல்லை, இத்தனை நாள் படுக்கையறை அலமாரியில் வைத்திருந்தேன்.

முதல் கடைக்கும் போனேன். பெட்டி வாசலில் அப்படியே இருக்கிறது. அந்தச் சின்னக் கடைக்கு வந்து எடுத்துப்போகும் நிறுவனத்தின் எண்ணை மேலாளரிடம் எழுதிக் கொடுத்தேன். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அடுத்த மாதம் போய்ச் சீட்டைக் கேட்டுவிட்டு இங்கே எழுதுகிறேன்.