கோயில் காரியம் பார்க்கிறவங்களும் கர்த்தரை அறிஞ்சவங்களும்: நேர்ல பார்த்ததைச் சொல்லுங்க

பனங்காட்டுக்காரன்:

எங்க சேகரத் தேர்தல் (பல ஊர்ச் சபை சேர்ந்ததுதான் சேகரம்) முடிஞ்ச சூட்டோட கேக்கறேன். கோயில்ல முன்னால நிக்கிறது வேற, கிறிஸ்துவை விசுவாசிக்கிறது வேறன்னு உங்களுக்கு உறைச்ச சம்பவம் உண்டா? கேள்விப்பட்டது வேண்டாம், கண்ணால பார்த்ததை மட்டும் எழுதுங்க.

நான் பார்த்தது எங்க ஊர்ச் சாவு வீட்டுல. பீடி சுத்திப் பிழைக்கிற விதவை அம்மா. ஒரே மகன், பைக்ல போகும்போது லாரி மோதிப் போயிட்டான். ஆஸ்பத்திரியில உடலைக் கொடுக்கவே சாயங்காலம் ஆயிடுச்சு. சபைச் செயலாளர் வந்தார், கையில சங்கக் காணிக்கை, அதாவது வீட்டுக்கு வீடு சபைக்குக் கட்டுற சந்தா, எழுதுற நோட்டு. முற்றத்துல நாற்காலி போட்டு உட்கார்ந்து, விரல்ல எச்சி தொட்டு ஒவ்வொரு பக்கமாப் புரட்டி, அந்த வீட்டுப் பேர் வந்ததும் நிறுத்தினார். "பாக்கி கெடக்கு. அதைக் கட்டினாத்தான் கல்லறைத் தோட்டத்துல குழி வெட்டச் சொல்ல முடியும். சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதானே" என்றார். அந்த அம்மா தாலிக்கொடி போன கழுத்தைத் தடவிக்கிட்டே யார்கிட்டக் கேக்கலாம்னு எங்களைப் பார்த்தாங்க.

அந்த நேரம் துக்க மணி அடிச்சது. செயலாளர் சொல்லாம மணி அடிக்கிற வழக்கமே எங்க ஊர்ல கிடையாது. அடிச்சு முடிச்சுட்டு, தோள்ல மண்வெட்டியோட கோயில்பிள்ளை தாத்தா, கோயில்ல மணி அடிக்கிற வேலைக்காரர், தெருவழியா வந்தார். "குழி வெட்டப் போறேன் அண்ணாச்சி. பாக்கிய எஞ்சம்பளத்துல பிடிச்சிக்கிடுங்க." வேற ஒரு வார்த்தை பேசலை. பையன்க கடப்பாரையைத் தூக்கிட்டு அவர் பின்னால ஓடினாங்க.

செயலாளரைக் கெட்டவர்னு காட்ட இதை எழுதலை. பைசா சுத்தமா கணக்கு வைப்பார், கோயில் ஓடு மாத்தினதே அவர் அலைச்சல்தான். சபையில ஊழியம் பார்க்கிற உபதேசியார் சம்பளத்துக்கும் சங்கப் பணம் வேணும், அதையும் மறுக்கலை. ஆனா பிள்ளையைப் பறிகொடுத்த தாயை எதிர்ல வெச்சுக்கிட்டு அவர் கண்ணுக்கு நோட்டு மட்டும்தானே தெரிஞ்சுது! தாத்தாவுக்கு ரெண்டாம் வகுப்புப் படிப்பு. பேச்சு திக்கும், அதனால கூட்டத்துல ஜெபம் பண்ண யாரும் அவரைக் கூப்பிட மாட்டாங்க. பிறகொரு நாள், ஏன் தாத்தா அப்படிச் செஞ்சீங்கன்னு கேட்டேன். "எம் பாக்கிய ஒருத்தரு சிலுவையில கட்டித் தீத்துட்டாருல்லா. நான் எப்படிய்யா இன்னொருத்தர் பாக்கிய எண்ணிட்டு இருக்க முடியும்?" சுவிசேஷத்தை இவ்வளவு தெளிவா நான் எந்தக் கன்வென்ஷன் கூட்டத்துலயும் கேட்டதில்லை.

நாசரேத் அக்கா:

தம்பி, கண் கலங்கிட்டு. ஆனா கோயில் வேலை செய்யிறவங்க எல்லாரும் வெறும் சடங்குக்காரங்கன்னு யாரும் எடுத்துக்கிடக் கூடாது. எங்க ஆச்சி உலையில அரிசி போடுமுன்ன கைப்பிடி அரிசியைத் தனிப் பானையில போட்டுருவாங்க, வீட்டுல கஞ்சிக்கு இழுபறியா இருந்த காலத்துலயும். போடும்போது ஊழியக்காரங்க பேரைச் சொல்லி ஜெபிப்பாங்க. அதுவும் கோயில் காரியந்தானே?

வெள்ளாளன்விளையில ஐயர் (சபைப் போதகரைத்தான் நாம அப்படிச் சொல்லுவோம்) வீட்டுல 1874-ல பிறந்து, பின்னால பிஷப் ஆன அசரியாவை நினைச்சுப் பாருங்க. கோயிலும் பள்ளிக்கூடமும் இவ்வளவு இருந்தும் நாம வெளிய யாரையும் அனுப்பலையே, யாழ்ப்பாணத்துச் சபையார் நம்ம பக்கம் ஊழியரை அனுப்புறாங்களேன்னு அவருக்கு உறுத்திச்சு. அதுலருந்துதான் 1903-ல இந்திய மிஷனரி சங்கம் வந்துச்சு. நம்ம ஆட்களே தெலுங்கு நாட்டுக்கு, தோர்ணக்கல் பக்கம் போனாங்க. அவரும் கமிட்டி நடத்தினவர்தான், கணக்குப் பார்த்தவர்தான்.

மத்தேயு 23-ல ஆண்டவர் பரிசேயரைக் கண்டிக்கிற இடத்தை எடுத்துப் படிங்க. வெந்தயத்துலயும் சீரகத்துலயும் தசமபாகம், பத்துல ஒரு பங்கு, கொடுத்ததைக் குத்தம்னு சொல்லலை. நீதி, இரக்கம், விசுவாசம் மூணையும் விட்டுட்டீங்களே, இதையும் செய்யணும், அதையும் விடக்கூடாதுங்கிறார்.

ஐகிரவுண்டு தம்பி:

என்னோடது சின்னது. திடப்படுத்தல் (ஞானஸ்நானம் வாங்கின பிள்ளைங்க வளர்ந்து விசுவாசத்தைத் தாங்களே அறிக்கை பண்ணுற ஆராதனை) வகுப்புல ஐயர், "நீ எப்போ கிறிஸ்தவன் ஆனே?"ன்னு கேட்டார். "நாங்க அஞ்சு தலைமுறையா கிறிஸ்தவங்க ஐயா"ன்னு பெருமையாச் சொன்னேன். "உங்க பூட்டன் விசுவாசிச்சது எனக்குத் தெரியும்லே, நான் ஒன்னையத்தான கேக்கேன்"னார். ஞானஸ்நானச் சீட்டு, பாமாலை, பஜனை எல்லாம் இருந்தும் அதுக்குப் பதில் இல்லை. அன்னைக்கு ராத்திரிதான் முதல்தடவையா யோவான் சுவிசேஷத்தை யாரும் சொல்லாம நானா எடுத்து வாசிச்சேன்.

அந்தச் சாவு வீட்டு விஷயம் அப்புறம் என்ன ஆச்சுண்ணே?

பனங்காட்டுக்காரன்:

அக்கா சொன்னது நூத்துக்கு நூறு சரி. தம்பி, ஐயர் அதைக் கமிட்டியில வெச்சார். இனிமே துக்க வீட்டுல யாரும் பாக்கி கேக்கக் கூடாதுன்னு தீர்மானம் ஆச்சு. தாத்தா சம்பளத்துல கை வைக்கவும் ஐயர் விடலை. செயலாளர் எதிர்த்துத்தான் கை தூக்கினார். ஆனா அடுத்து வந்த சாவுக்கு நோட்டு இல்லாம வந்து, அடக்க ஆராதனை முடியிறவரைக்கும் நின்னார். அவருக்காக நான் தொடர்ந்து ஜெபிக்கிறேன். உங்க சேகரத்துல இந்தப் பழக்கம் இன்னும் இருந்தா அடுத்த கமிட்டியில எழுந்து கேளுங்க.