ஆத்தங்குடிக் கல் போடும் சித்தப்பாவுக்கு வருமான வரி நோட்டீஸ், என்ன செய்வது?

பள்ளத்தூரான்:
சித்தப்பா ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறையில் இருக்கிறார். கண்ணாடி மேல் அச்சை வைத்துக் கலர் ஊற்றுகிற வேலை, கல் கணக்குக்குத்தான் கூலி. போன வாரம் வருமான வரியிலிருந்து நோட்டீஸ், ஒரு கோடிக்கு மேல் வியாபாரம் நடந்திருக்கிறது, ஏன் ரிட்டர்ன் போடவில்லை என்று கேட்டிருக்கிறார்கள். மனுஷன் பான் கார்டை வெளியே எடுத்ததே நகை அடகு வைக்கத்தான். கிளறிக் கேட்டால், லோன் வாங்கித் தருகிறேன் என்று வந்த ஒரு புரோக்கரிடம் பான், ஆதார், கரண்ட் பில் எல்லாம் ஜெராக்ஸ் கொடுத்தாராம். லோனும் வரவில்லை, ஆளும் வரவில்லை. சித்தி சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறார். எங்கே போக வேண்டும்?

கோட்டையூர் சுப்பு:
விடுங்க தம்பி, கூலிக்காரரிடம் என்ன எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்? பேசாமல் இருங்கள், தானாக அடங்கிவிடும்.

வரிக்கணக்கு அண்ணாச்சி:
சுப்பு அண்ணே, கோபித்துக்கொள்ள வேண்டாம், இந்த யோசனையால்தான் பல பேர் மாட்டுகிறார்கள். பதில் வராவிட்டால் கையில் இருக்கும் தகவலை வைத்து அவர்களே வரி போட்டுவிடுவார்கள், அப்புறம் வட்டி, அபராதம், பேங்க் கணக்கு முடக்கம் என்று போகும்.

தம்பி, முதலில் அது நிஜ நோட்டீஸா பாருங்கள். வருமான வரித் தளத்தில் லாகின் இல்லாமலே, நோட்டீஸில் இருக்கும் டின் நம்பரை, அதாவது அந்த ஆவணத்தின் அடையாள எண்ணைப் போட்டுச் சரிபார்க்கலாம். 2019 அக்டோபரிலிருந்து அந்த நம்பர் கட்டாயம். நிஜம் என்றால் சித்தப்பா பெயரில் லாகின் செய்து ஏஐஎஸ் திறங்கள், அவர் பான் நம்பரில் அந்த வருஷம் பதிவான வரவு செலவுத் தகவல் எல்லாம் இருக்கும் அறிக்கை அது. அதில் 'ஜிஎஸ்டி டர்ன்ஓவர்' என்று ஒரு வரி இருக்கும் என்று நினைக்கிறேன், இந்த மாதிரிக் கேஸில் வேர் பெரும்பாலும் அங்கேதான். அந்தத் தகவல் தன்னுடையது இல்லை என்று அங்கேயே மறுக்கலாம். ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள், நோட்டீஸுக்குத் தனியாக, அதில் போட்டிருக்கும் கெடுவுக்குள் பதில் போக வேண்டும்.

அப்புறம் ஜிஎஸ்டி தளத்தில் பான் நம்பரைப் போட்டுத் தேடுங்கள், அவர் பெயரில் எத்தனை பதிவு ஓடுகிறது என்று வந்துவிடும். ஒன்று கேட்கிறேன், அந்தப் புரோக்கர் போனில் ஓடிபி ஏதாவது கேட்டாரா?

பள்ளத்தூரான்:
ஆமாம் அண்ணாச்சி, லோன் சாங்ஷன் ஆக என்று சொல்லிக் கேட்டாராம், இவரும் படித்துக் காட்டியிருக்கிறார். நீங்கள் சொன்னபடி தேடினேன், இரண்டு பதிவு! ஒன்று இங்கேயே, இன்னொன்று குஜராத்தில். இரும்புக் கழிவு வியாபாரமாம். சித்தப்பா திருச்சியைத் தாண்டியதே இல்லை.

கண்டாங்கி:
எங்கள் தெருவிலும் இப்படி நடந்தது. போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது கட்டாயம் வாங்குங்கள், வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டு வந்தால் பிரயோஜனம் இல்லை. சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கும் போன் போடுங்கள். வக்கீல் செலவுக்குப் பயமென்றால் சிவகங்கையில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசம். 'நான் ஆபீஸில் பேசி முடித்துத் தருகிறேன்' என்று எவனாவது பணம் கேட்டால் வாசலிலேயே அனுப்பிவிடுங்கள்.

வரிக்கணக்கு அண்ணாச்சி:
கண்டாங்கி சொன்னது சரி. இரும்புக் கழிவு என்றதுமே புரிந்துவிட்டது, சரக்கே போகாமல் பில் மட்டும் போடுகிற கூட்டம். தேடலில் வந்த பதிவைத் தொட்டால் பதிவான தேதியும், எந்த அதிகாரியின் எல்லை என்பதும் தெரியும், அதை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். இரண்டு எல்லைக்கும் தனித்தனியாக, ரத்து செய்யச் சொல்லிப் புகார் போக வேண்டும். இங்கே மட்டும் ரத்தாகி அங்கே ஓடிக்கொண்டிருந்தால் அடுத்த வருஷமும் இதே நோட்டீஸ்தான். வருமான வரிப் பதிலோடு சிஎஸ்ஆர் நகல், ஜிஎஸ்டி புகார் நகல், சித்தப்பாவின் பேங்க் பாஸ்புக், பட்டறை முதலாளியிடம் கூலிக்கு ஒரு கடிதம் எல்லாம் சேர்த்து அனுப்புங்கள். பாஸ்புக்கில் அந்தக் கோடி வந்து போகவில்லை என்பதுதான் உங்கள் பலமான சாட்சி. அவர் பெயரில் என்னென்ன கடன் இருக்கிறது என்று காட்டும் சிபில் ரிப்போர்ட்டும் எடுங்கள், வருஷத்துக்கு ஒன்று இலவசம், அந்த ஜெராக்ஸில் லோனும் ஓடலாம்.

பள்ளத்தூரான்:
சரி அண்ணாச்சி, நாளைக் காலையில் முதலில் ஸ்டேஷன். கடிதம் தருவதாக முதலாளி சொல்லிவிட்டார். கெடுவுக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கிறது.