அழித்த கோப்பு திரும்பி வந்ததா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

தண்டட்டி எழுதியது:

போட்டோரெக் அழித்த கோப்பை மீட்கிற மென்பொருள் என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டாம், அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். அக்கா மகளுக்குக் காதுகுத்து. கேமராவில் 32 ஜிபி கார்டு, பையில் இன்னொன்று. பந்தி தொடங்கும்போது இடம் இல்லை என்று கேமரா காட்டியது. அவசரத்தில் கார்டை வெளியே எடுத்து, எது பழையது எது புதியது என்று குழம்பி, காதுகுத்துப் படங்கள் இருந்த கார்டையே திரும்பப் போட்டு ஃபார்மட் கொடுத்துவிட்டேன். அது தெரியாமல் பந்தியை அதிலேயே இருபத்தைந்து படம் வேறு எடுத்தேன்.

இரவு போட்டோரெக் ஓட்டினேன். முழு கார்டையும் தேடு, கெட்ட கோப்பையும் வைத்துக்கொள் என்று இரண்டையும் தேர்ந்தெடுத்தேன். முதலில் வந்தவை காதுகுத்தே இல்லை. பல வருடத்துக்கு முன் இடித்த எங்கள் ஓட்டு வீடு, திண்ணையில் காயும் மிளகாய், யாரோ ஒருவரின் முதுகு. எப்போதோ அழித்த படங்கள் எல்லாம் கார்டுக்கு அடியில் கிடந்திருக்கின்றன.

காதுகுத்தும் வந்தது, பெரும்பாலும் முழுதாக. ஒன்று மட்டும் பாதி. தாய்மாமன் மடியில் பிள்ளை, பின்னால் குனிந்து நிற்கிறார் அப்பத்தா. அவர் காதில் தண்டட்டி ஆடுவதுகூடத் தெரிகிறது. அவர் கை பிள்ளையின் தலையைத் தொடும் இடத்தில் ஒரு கோடு, அதற்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். குத்துகிற காது அந்தச் சாம்பலுக்குள் இருக்கிறது. அதற்கப்புறம் அப்பத்தாவைப் படம் எடுக்க வாய்க்கவில்லை.

என்னுடைய கேள்வி ஒன்றுதான். அந்தக் கீழ்ப்பாதியைத் தின்றது நான் எடுத்த பந்திப் படங்களா?

---

செக்டர்சாமி எழுதியது:

தம்பி, எனக்கும் ஒருமுறை இப்படித்தான், திருச்செந்தூர் படங்கள் போயின, வந்தன. அதை விடுங்கள். படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

அழிந்தது தெரிந்த நொடியே கார்டை வெளியே எடுக்க வேண்டும். எஸ்டி கார்டின் ஓரத்தில் பூட்டு இருக்கும், அதைக் கீழே தள்ளிவிடுங்கள். அப்புறம் கார்டின் மேலேயே தேடாதீர்கள். முழு கார்டையும் ஒரே இமேஜாகக் கணினியில் நகல் எடுத்துவிட்டு அந்த நகலில் தேடுங்கள். மீட்பு மென்பொருளை எந்த டிரைவில் கோப்பு போனதோ அதிலேயே நிறுவுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். காணாமல் போன மோதிரத்தைத் தேட அதே இடத்தில் புது மண்ணைக் கொட்டுகிற வேலை அது. மீட்ட கோப்பையும் வேறு டிரைவில்தான் சேமிக்க வேண்டும்.

விண்டோஸில் கோப்பை அழித்தால் தரவு அந்த நேரமே போவதில்லை. விண்டோஸ் கோப்புகளை அடுக்கி வைக்கும் முறையான என்டிஎஃப்எஸ் தன் அட்டவணையில் 'இந்த வரி காலி' என்று குறித்துக்கொள்ளும், அவ்வளவுதான். அட்டவணை உயிரோடு இருந்தால் பெயரோடு மீட்கலாம். அட்டவணையும் போனால்தான் போட்டோரெக். ஜேபெக் படம் என்றால் இன்ன பைட்டில் தொடங்கும் என்று அதற்குத் தெரியும், அதை வைத்துத் தேடும். அதனால்தான் பெயர் வராமல் எண் வருகிறது. அதோடு வரும், தொலைந்த பகுப்பை (பார்ட்டிஷனை) மீட்கிற டெஸ்ட்டிஸ்க்கையும் கற்றுக்கொள்ளுங்கள். இரண்டையும் எழுதியவர் கிறிஸ்டோஃப் கிரெனியே என்ற ஒரே ஆள், இரண்டும் இலவசம். காசு கேட்கிற மென்பொருள் பலவற்றில் வெளிப்பூச்சுதான் அழகாக இருக்கும்.

எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தட்டு இல்லாத சிப் டிரைவ் என்றால் ஆசையே வேண்டாம். டிரிம், அதாவது அழித்த இடம் எது என்று டிரைவுக்குச் சொல்லும் கட்டளை, எல்லாவற்றையும் துடைத்துவிடும்.

---

நெல்லை_லேப்டாப் எழுதியது:

டிரிம் என்று படித்ததும் வயிற்றில் புளி கரைக்கிறது. ஆறு மாதக் கணக்கு ஒரே எக்செல் கோப்பில். ஷிப்ட் டிலீட். பத்து நிமிடத்துக்குள் பென்டிரைவிலிருந்து ஒரு மீட்பு மென்பொருளை ஓட்டினேன் (அய்யா சொன்ன மாதிரிதான், நிறுவவில்லை). கோப்பின் பெயர் இருந்தது, தேதி இருந்தது, பக்கத்தில் பச்சை வட்டம், நிலை மிக நன்று. மீட்டேன். அளவு பைட் மாறாமல் அப்படியே. எக்செல் திறக்க மறுத்தது.

கோப்பை பைட் பைட்டாகக் காட்டும் எச்எக்ஸ்டி போட்டு உள்ளே பார்த்தேன். 00 00 00 00. கடைசி வரி வரைக்கும் உருட்டிப் பார்த்தேன், ஒரு 01 கூட இல்லை. கல்யாணப் பத்திரிகையை உறையோடு கொடுத்துவிட்டு உள்ளே வெள்ளைத் தாள் வைத்த மாதிரி.

மென்பொருள் பொய் சொல்லவில்லை என்று அப்புறம்தான் புரிந்தது. அந்த இடத்தில் வேறு கோப்பு எதுவும் எழுதப்படவில்லை என்பதைத்தான் பச்சை வட்டம் சொல்கிறது. துடைத்தது டிரைவ், அது அட்டவணைக்குத் தெரியாது.

---

தூசிபிடித்தசிபியு எழுதியது:

சாமி, 'ஆசையே வேண்டாம்' என்று ஒரேயடியாகச் சொல்லாதீர்கள். பழைய சாட்டா எஸ்எஸ்டியை யுஎஸ்பி டப்பாவில் போட்டு வைத்திருந்தேன். பல டப்பாக்கள் டிரிம் கட்டளையை உள்ளே கடத்துவதே இல்லை. அழித்து இரண்டு நாள் கழித்துத் தேடினேன், முழுதாக வந்தது.

---

செக்டர்சாமி எழுதியது:

டப்பாவின் சிப்பைப் பொறுத்தது அது. விதிவிலக்கை வைத்து விதி சொல்லக்கூடாது. புதிதாகப் படிக்கிறவன் அதை நம்பி உட்கார்ந்திருப்பான்.

---

வடமராட்சியாள் எழுதியது:

நான் எழுதுவது கொஞ்சம் வேறு. எங்கட அப்பா ஊர்ச் சனசமூக நிலையத்தின் கூட்டக் குறிப்புகளை வருடக்கணக்காகக் கணினியில் அடித்து வைத்திருந்தவர். அந்தப் பழைய வன்தட்டை நான்தான் மீட்டேன். நூற்றுச் சொச்சம் வேர்ட் கோப்புகள், எல்லாவற்றுக்கும் எண்தான் பெயர். முதலாவதைத் திறந்தேன். ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக ஒரே குப்பை. இரண்டாவது, மூன்றாவது, எல்லாம் அதேதான். கெட்டுப்போன கோப்புகள் என்று நினைத்து ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து அழித்துக்கொண்டு போனேன்.

அறுபது கோப்பு போயிருக்கும். பேந்து ஒன்றில் தலைப்பு மட்டும் பெரிய எழுத்தில், நடுவில் ஒரு சொல்: ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி. கையை எடுத்துவிட்டேன். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவின் விசைப்பலகையில் 'தமிழ்' என்று அடித்தால் அந்த ஐந்தும்தான் விழும். சின்ன வயதில் அப்பா எனக்கு முதலில் அடிக்கக் காட்டித்தந்த சொல் அது. கோப்பில் ஒரு பிழையும் இல்லை, என்னுடைய மடிக்கணினியில் பாமினி எழுத்துரு இல்லை, அவ்வளவுதான். எழுத்துரு மாற்றியில் போட்டவுடன் 'நிர்வாக சபைக் கூட்டம்' என்று தொடங்கி, தேநீர்ச் செலவு வரைக்கும் வந்துவிட்டது.

மிச்சம் நாற்பது சொச்சம் கோப்பு இருக்கின்றன. அழித்த அறுபதில் என்ன இருந்தது என்றுதான் யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

---

தூசிபிடித்தசிபியு எழுதியது:

அக்கா, கவலையே வேண்டாம்! போட்டோரெக் மூல வட்டில் எதையும் எழுதாது. நீங்கள் அழித்தது நகலைத்தான். பெயரில் இருக்கும் எண், அந்தக் கோப்பு வட்டில் தொடங்குகிற செக்டரை, அதாவது வட்டின் சிறு கட்டத்தைக் குறிக்கும், அதனால் மறுபடி ஓட்டினாலும் அதே கோப்பு அதே எண்ணில் வரும். அழித்ததும் மிஞ்சியதும் எவை என்று ஒப்பிட்டுக்கூடப் பார்க்கலாம். இன்றைக்கே ஓட்டுங்கள்.

---

வடமராட்சியாள் எழுதியது:

வன்தட்டை மீட்டு முடித்த கிழமையே பழைய இரும்பு எடுக்கிறவருக்குக் கொடுத்துவிட்டேன் தம்பி.

---

கரூர்க்காரன் எழுதியது:

அக்கா பதிவைப் படித்துவிட்டு எதுவும் எழுதத் தோன்றவில்லை. ஆனாலும் மாமனார் கதையைச் சொல்லியாக வேண்டும்.

அவர் ஜாதகம் கணிக்கிறவர், ஊர் முழுக்க ஜாதகம் அவர் கணினியில். டிஸ்க்கின் நலத்தைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போட்டுப் பார்த்தேன், மஞ்சள். சி5 வரியில் 10 என்று இருந்தது. அதாவது படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்கள். பத்துதானே, அடுத்த வாரம் நகல் எடுக்கலாம் மாமா என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த மென்பொருள் எண்களைப் பதினாறடிமானத்தில் காட்டும், அது 16 என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. 16 என்றாலும் அதையேதான் சொல்லியிருப்பேன், அது வேறு விஷயம். அடுத்த வாரம் அவர் 'அஷ்டமி, நவமி போகட்டும் மாப்பிள்ளை' என்றார்.

மூன்றாவது வாரம் சி5 நான்கு இலக்கம். டக், டக் என்று சுவர்ப்பல்லி மாதிரி சத்தம். கெட்டுப்போகும் டிஸ்க்கை நகல் எடுக்கிற ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ போட்டேன். அது முரட்டுத்தனமாக ஒரே இடத்தில் முட்டாது. நல்ல பகுதியை முதலில் அள்ளிக்கொண்டு, மோசமான இடத்தை ஒரு வரைபடக் கோப்பில் குறித்து வைத்துவிட்டுக் கடைசியில் திரும்பி வரும். நடுவில் மின்சாரம் போனது. வந்ததும் விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தது. இரண்டு நாள் ஓடியது. மாமனார் நாற்காலி போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு 'டக்'குக்கும் நிமிர்ந்து என்னைப் பார்ப்பார்.

ஏறக்குறைய எல்லாம் வந்துவிட்டது. வராமல் போன சிலவற்றில் என் ஜாதகமும் ஒன்று. 'நல்லதுதான்' என்றார். எந்த அர்த்தத்தில் சொன்னார் என்று இன்றுவரை தெரியவில்லை.

---

அரைகுறை எழுதியது:

2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்ததல்லவா, பழைய கணினியில் லினக்ஸ் போடலாம் என்று, பென்டிரைவை நிறுவல் வட்டாக்கும் ரூஃபஸ் எடுத்தேன். அது யுஎஸ்பி ஹார்ட் டிஸ்க்குகளைப் பட்டியலில் காட்டாமல் மறைத்துத்தான் வைக்கும். காட்டு என்று டிக் போட்ட புத்திசாலி நான். பென்டிரைவ் என்று நினைத்து 1 டிபி டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்து, எச்சரிக்கைக்கும் சரி கொடுத்தேன்.

டெஸ்ட்டிஸ்க் பழைய பகுப்பைக் கண்டுபிடித்தது. பி அழுத்தியதும் என் கோப்புறைகளின் பெயர்கள் வரிசையாக வந்தன பாருங்கள், உட்கார்ந்த இடத்திலேயே கும்பிட்டுவிட்டேன். என்டிஎஃப்எஸ்ஸின் முதன்மை அட்டவணை வழக்கமாகப் பகுப்பின் தொடக்கத்திலிருந்து 3 ஜிபி தள்ளித்தான் இருக்கும், நான் எழுதிய லினக்ஸ் அதை எட்டவில்லை. மயிரிழை.

---

செக்டர்சாமி எழுதியது:

தண்டட்டி தம்பி, முதலில் உங்கள் கேள்விக்குப் பதில் சொல்லாமல் பாடம் நடத்திவிட்டேன், மன்னிக்கவும். அந்தப் பாதிப் படத்தின் எண் என்ன, பந்திப் படங்களின் எண்கள் என்ன? ஃபார்மட்டுக்குப் பிறகு கேமரா பொதுவாகக் கார்டின் முன்பக்கத்திலிருந்து எழுதும். அது பழைய படங்களைத் தின்றிருந்தால் தலையிலிருந்து தின்றிருக்கும். தலை போன படத்தை போட்டோரெக்கால் கண்டுபிடிக்கவே முடியாது. உங்களுடையதில் தலை இருக்கிறது, வால் இல்லை.

---

தண்டட்டி எழுதியது:

பார்த்தேன் அய்யா. பந்திப் படங்கள் 32768-இல் தொடங்கி 2,90,000 வாக்கில் முடிகின்றன. அப்பத்தா படம் 47,18,592. அப்படியென்றால் பந்தி அங்கே போகவே இல்லையா?

---

செக்டர்சாமி எழுதியது:

போகவில்லை. அது துண்டாகக் கிடக்கிற படம். கார்டு நிரம்பும் நேரத்தில் நடுநடுவே ஏதாவது படத்தை அழித்தீர்களா? அழித்த இடம் ஓட்டையாகும். புதுப் படம் அந்த ஓட்டையில் கொள்ளாவிட்டால் மீதி வேறெங்காவது போய் உட்காரும். மீதி எங்கே என்று எழுதியிருந்த அட்டவணைதான் ஃபார்மட்டில் போனது. கீழ்ப்பாதி கார்டிலேயே இருக்கலாம். போட்டோரெக்கில் ப்ரூட் ஃபோர்ஸ் என்று ஒன்று உண்டு, துண்டான ஜேபெக்குக்காகவே. ரொம்ப மெதுவாக ஓடும். கார்டு இருக்கிறதா?

---

தண்டட்டி எழுதியது:

இருக்கிறது, அன்றோடு அதைத் தொடவில்லை. இப்போது இமேஜ் எடுத்து ஓட விட்டிருக்கிறேன். ஒன்பது மணி நேரமாக ஃபேன் இரைகிறது.

நீங்கள் கேட்ட பிறகுதான் ஞாபகம் வந்தது. அன்றைக்குக் கேமராவிலேயே ஒரே ஒரு படத்தை அழித்தேன். அப்பத்தாவிடம் திரையைக் காட்டினேன். 'கண்ணு மூடியிருக்குடா, இத அழிச்சிட்டு வேற ஒன்னு எடு' என்றார். அந்த வேற ஒன்றுதான் இது.