சொல்லாக்கம்: காம்பவுண்ட்-காம்ப்ளெக்ஸ் சென்டென்ஸ், தமிழில் எப்படிச் சொல்வது?

மடல் 1

அனைவருக்கும் வணக்கம்.

ஆங்கில இலக்கணத்தைத் தமிழ்வழி கற்பவர்களுக்கான சொற்பட்டியலில் ஓர் இடம் காலியாக நிற்கிறது. சிம்பிள் சென்டென்ஸ் தனிவாக்கியம், காம்பவுண்ட் தொடர்வாக்கியம், காம்ப்ளெக்ஸ் கலவைவாக்கியம். இந்த மூன்றும் பள்ளிகளில் நெடுநாளாக வழங்குகின்றன. நான்காவதான காம்பவுண்ட்-காம்ப்ளெக்ஸ் வகையை ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். இருக்கிற இரண்டு பெயர்களையும் சேர்த்துத் "தொடர்கலவை வாக்கியம்" என்று வைத்துவிடலாம் என்பது என் பரிந்துரை.

பொருள் தெளிவாக இருக்க ஓர் எடுத்துக்காட்டு:

தி பெல் ராங், பட் நோபடி மூவ்ட் பிகாஸ் தி டோர் வாஸ் லாக்ட்.

இதில் மூன்று கிளாஸ்கள், அதாவது தமக்கென எழுவாயும் முற்றுவினையும் உள்ள பகுதிகள். மணி அடித்தது என்பதும் யாரும் அசையவில்லை என்பதும் தனித்து நிற்கும். பட் அவற்றை இணைக்கிறது. கதவு பூட்டியிருந்ததால் என்பது தனித்து நிற்காது. பிகாஸ் அதை இரண்டாவதன்மேல் சாய்த்துவைக்கிறது. தனித்து நிற்பவை குறைந்தது இரண்டு, சார்ந்து நிற்பது குறைந்தது ஒன்று. இதுவே இலக்கணம். பெயர் மட்டும் வேண்டும்.

மடல் 2

ஐயா, வணக்கம். "தொடர்" வேண்டாம் என்பேன். அந்தச் சொல் மாணவரைத் தவறான விடைக்கே இழுத்துச் செல்லும்.

தமிழ் இலக்கணத்தில் தொடர்வாக்கியம் என்றால் ஓர் எழுவாய் பல பயனிலைகளைப் பெற்று முடிவது. ஆங்கிலக் கணக்கு வேறு. இதைப் பாருங்கள்:

ஹி ஓப்பன்ட் தி டோர் அண்ட் சாட் டவுன்.

எழுவாய் ஒன்று, பயனிலை இரண்டு. தமிழ்க் கணக்கில் இது தொடர்வாக்கியம். ஆங்கிலத்தில் இது சிம்பிள் சென்டென்ஸ்தான், ஏனென்றால் சாட் என்ற வினைக்குத் தனி எழுவாய் இல்லை. அண்ட் என்பதற்குப் பிறகு இன்னொரு ஹி போட்டால்தான் காம்பவுண்ட் ஆகும். அப்போது அண்டுக்கு முன் காற்புள்ளியும் வரும். தமிழ் வரையறையை மனத்தில் வைத்திருக்கும் மாணவர் முதல் வாக்கியத்தையும் காம்பவுண்ட் என்றே எழுதுவார். அதோடு ஒரு பிகாஸ் சேர்ந்துவிட்டால் நான்காம் வகை என்றும் எழுதிவிடுவார்.

இன்னொரு தொல்லையும் உண்டு. ஃபிரேஸுக்கும் தொடர், கிளாஸுக்கும் தொடர், சென்டென்ஸுக்கும் தொடர் என்று எழுதுகிறோம். தொகைநிலைத் தொடர் ஆறு, தொகாநிலைத் தொடர் ஒன்பது என்று அந்தச் சொல் ஏற்கெனவே சுமை தாங்கி நிற்கிறது.

காம்பவுண்டுக்குக் "கூட்டு" பொருந்தும். கூட்டு வட்டி, கூட்டிலை, கூட்டுக்கண் எல்லாம் பழகிய சொற்கள். கூட்டிலையில் ஒவ்வொரு சிற்றிலையும் தன் உருவம் குலையாமல் இருக்கும். காம்பவுண்ட் வாக்கியத்திலும் ஒவ்வொரு பகுதியும் தன் எழுவாயோடும் முற்றுவினையோடும் முழுதாக இருக்கும். என் பரிந்துரை: கூட்டுக்கலவை வாக்கியம்.

மடல் 3

கூட்டு சரி. கலவையைத்தான் ஒருமுறை உரசிப் பார்க்க வேண்டும்.

வேதியியலில் கலவை என்றால் பொருள்கள் எந்த அளவிலும் கலந்து கிடப்பது. காம்பவுண்டுக்கு அங்கே சேர்மம், காம்ப்ளெக்ஸுக்கு அணைவு. கணிதத்தில் காம்ப்ளெக்ஸ் நம்பர் தமிழ்நாட்டில் கலப்பெண், இலங்கையில் சிக்கலெண். ஒரே ஆங்கிலச் சொல்லுக்குத் துறைதோறும் ஒரு தமிழ் இருக்கலாம், அதில் தவறில்லை. ஆனால் கலவை என்ற சொல்லில் மேல் கீழ் இல்லை. காம்ப்ளெக்ஸ் வாக்கியத்தின் உயிரே மேல் கீழ்தான்: ஒன்று தாங்கும், மற்றொன்று சாயும்.

காம்ப்ளெக்ஸின் இலத்தீன் வேர் பின்னுதலைக் குறிப்பது. காம்பவுண்டின் வேர் சேர்த்து வைத்தலைக் குறிப்பது. அந்த வழியில் போனால் "பின்னல் வாக்கியம்", "கூட்டுப்பின்னல் வாக்கியம்" என்று அழகாகவே கிடைக்கிறது. ஆனாலும் அதை நானே வலியுறுத்தமாட்டேன். கலவைவாக்கியம் தலைமுறைகளாகப் பழகிவிட்டது. நான்காவதற்குப் பெயர் தேட வந்த இடத்தில் மூன்றாவதை மாற்றினால், பழைய நூலும் புதிய நூலும் ஒன்றுக்கொன்று புரியாமல் போகும். கூட்டுக்கலவையை ஏற்கிறேன். ஒரு நிபந்தனை: வரையறையில் "கலந்து வருவது" என்று எழுதக்கூடாது, "சார்ந்து வருவது" என்றே எழுத வேண்டும்.

மடல் 4

கிளாஸுக்குச் சொல் உறுதியாகாமல் இந்தப் பெயரை வரையறுக்க முடியாது. "முதன்மை வாக்கியம், துணை வாக்கியம்" என்ற வழக்கு இங்கே தடுமாறுகிறது. துணை வாக்கியம் தனியே வாக்கியமே அல்ல. கூட்டுக்கலவையிலோ முதன்மை இரண்டு இருக்கும். இரண்டில் எது முதன்மை என்று மாணவர் கேட்பார். ஆகவே தனிக்கூறு, சார்புக்கூறு என்று வைத்துக்கொள்வோம்.

வகையைக் கண்டறியும் முறையையும் பதிவிலேயே சேர்க்க வேண்டும். முதலில் முற்றுவினைகளுக்கு அடிக்கோடு இடச் சொல்லுங்கள். வாஸ் லாக்ட் ஒன்று. ஹேட் பீன் வெயிட்டிங் என்று மூன்று சொல் வந்தாலும் ஒன்றுதான். ஒரே எழுவாயைப் பகிரும் வினைகளையும் ஒன்றாகவே எண்ண வேண்டும். எண்ணிக்கை மூன்றுக்குக் குறைந்தால் அது கூட்டுக்கலவை அல்ல. அடுத்து, எந்தெந்த வினை சார்பிணைப்புச் சொல்லின் கீழ் இருக்கிறது என்று பாருங்கள்: பிகாஸ், இஃப், வென், ஆல்தோ, ஹூ, விச், தட் போன்றவை. மொத்தத்திலிருந்து இவற்றைக் கழித்தால் மீதி தனிக்கூறுகள். மீதி இரண்டோ அதற்கு மேலோ வந்து, கழித்தது ஒன்றாவது இருந்தால் கூட்டுக்கலவை.

ஏமாற்றும் இடங்கள் உண்டு. பெரும்பாலானவர்கள் சறுக்குவது இதில்:

ஹி செட் தட் ஹி வாஸ் இல் அண்ட் தட் ஹி வுட் கோ ஹோம்.

முற்றுவினை மூன்று, நடுவே அண்ட். உடனே கூட்டுக்கலவை என்று எழுதிவிடுகிறார்கள். கழித்துப் பாருங்கள்: தட் இரண்டு, மீதி செட் ஒன்றே. அண்ட் இணைப்பது இரண்டு சார்புக்கூறுகளை. ஆகவே இது வெறும் கலவைவாக்கியம். பின்பாதியை, காற்புள்ளி இட்டு, "அண்ட் ஹி வென்ட் ஹோம்" என்று மாற்றினால் வீட்டுக்குப் போனது அவன் சொன்ன செய்தியாக இல்லாமல் நடந்த செயலாகிவிடும். வாக்கியமும் கூட்டுக்கலவை ஆகும். காற்புள்ளி இல்லாமல் விட்டால் இரண்டு பொருளுக்கும் இடமுண்டு. அந்த ஒரு புள்ளிக்கு இவ்வளவு வேலை.

தட் மறைந்தும் நிற்கும். "ஐ நோ ஷி கேம், பட் ஐ டிட் நாட் மீட் ஹர்" என்பதில் நோ என்பதற்குப் பின் ஒரு தட் ஒளிந்திருக்கிறது. ஆகவே ஷி கேம் சார்புக்கூறு, வாக்கியம் கூட்டுக்கலவை.

பிஃபோர், ஆஃப்டர் வந்தாலே சார்புக்கூறு என்று நினைப்பதும் தவறு. பிஃபோர் ஹி லெஃப்ட் என்பதில் முற்றுவினை இருக்கிறது. பிஃபோர் லீவிங் என்பதில் இல்லை. பள்ளி இலக்கணப்படி பின்னது கிளாஸ் அல்ல.

எது சேர்க்கும் சொல், எது சாய்க்கும் சொல் என்ற ஐயம் வந்தால் இடம் மாற்றிப் பாருங்கள். "பிகாஸ் தி டோர் வாஸ் லாக்ட், நோபடி மூவ்ட்" என்று முன்னே தூக்கி வைக்கலாம். பட் தொடங்கும் பகுதியை அப்படித் தூக்க முடியாது. சேர்க்கும் சொற்கள் ஏழே: ஃபார், அண்ட், நார், பட், ஆர், யெட், ஸோ. இவற்றின் முதலெழுத்துகளைக் கோத்து ஃபேன்பாய்ஸ் என்று மனப்பாடம் செய்வார்கள். ஸோ தனியே வந்தால் சேர்க்கும். "அதற்காக" என்ற பொருளில் ஸோ தட் என்று வந்தால் சாய்க்கும். இடமாற்றச் சோதனை காரணம், காலம், நிபந்தனை சொல்லும் சார்புக்கூறுகளுக்கே. ஹூ, விச் தொடங்குபவை தாம் விளக்கும் பெயரை விட்டு நகரமாட்டா.

மடல் 5

முறை மிக நன்று, அம்மா. "கூறு" பற்றி மட்டும் ஒரு தடை. வேற்றுமை ஏற்றிப் பாருங்கள். ஆறு ஆற்றை ஆவதுபோலக் கூறு கூற்றை ஆகும். "சார்புக்கூற்றின் முன்" என்று எழுதினால் அது கூற்று என்ற சொல்லோடு, அதாவது ஒருவர் சொன்னதோடு, கலந்துவிடும். மேற்கோள்களை விளக்கும் பாடத்தில் இது பெருங்குழப்பம். "உறுப்பு" என்றால் இந்தத் தொல்லை இல்லை: உறுப்பை, உறுப்பின், உறுப்புக்கு. பகுபத உறுப்பு ஆறு என்று சொல்லின் பகுதிகளுக்கு அந்தப் பெயர் ஏற்கெனவே இருக்கிறது. வாக்கியத்தின் பகுதிக்கு வாக்கிய உறுப்பு என்பது அதன் நேர் நீட்சி. தனியுறுப்பு, சார்புறுப்பு என்று நாவிலும் எளிதாக வருகின்றன.

எழுதும்போது வரும் பிழைகளையும் சொல்கிறேன். தமிழில் சார்புறுப்பு பெரும்பாலும் எச்சமாகிவிடும்: பூட்டியிருந்ததால், கூப்பிட்ட ஆள், வந்தால். இணைப்புப் பொருள் வினையின் ஈற்றிலேயே ஒட்டிக்கொள்கிறது. ஆங்கிலத்தில் அது தனிச்சொல்லாக முன்னால் வந்து, வினை முற்றாகவே நிற்கும். அதனால் ஆல்தோ என்று தொடங்கிவிட்டு நடுவில் பட் போடுகிறார்கள். பிகாஸ் என்று தொடங்கி ஸோ போடுகிறார்கள். ஓர் உறவுக்கு ஓர் இணைப்புச்சொல் போதும். ஆல்தோ முதல் உறுப்பைச் சாய்த்துவிட்ட பிறகு, பட் சேர்ப்பதற்கு இன்னொரு தனியுறுப்பு மீதமில்லை.

காற்புள்ளி: பட், அண்ட் முதலியவை இரண்டு தனியுறுப்புகளைச் சேர்த்தால் அவற்றுக்கு முன்னால் இடுங்கள். சார்புறுப்பு முன்னே வந்தால் அது முடியும் இடத்தில் இடுங்கள். பிகாஸ், இஃப் போன்றவை பின்னே வந்தால் பெரும்பாலும் வேண்டாம். சார்புறுப்பு நடுவில் வரும்போதுதான் கை தடுமாறும்:

தி பெல் ராங், பட் பிகாஸ் தி டோர் வாஸ் லாக்ட், நோபடி மூவ்ட்.

ராங் என்பதற்குப் பின் ஒன்று, லாக்ட் என்பதற்குப் பின் ஒன்று. பட் என்பதற்குப் பின் தேவையில்லை. "தி மேன் ஹூ கால்ட் லெஃப்ட், அண்ட் ஐ லாக்ட் தி கேட்" என்பதில் கால்ட் என்பதற்குப் பின் காற்புள்ளி இடக்கூடாது. எந்த ஆள் என்று காட்டுவதே ஹூ கால்ட். இட்டால் எழுவாயும் அதன் வினையும் பிரிந்துவிடும். ஹவெவர், தேர்ஃபோர் இரண்டும் சேர்க்கும் சொற்கள் அல்ல. அவற்றுக்கு முன்னால் வெறும் காற்புள்ளி இட்டு இரண்டு தனியுறுப்புகளை ஒட்டினால் பிழை, அரைப்புள்ளி வேண்டும்.

புதிதாக எழுதுபவர் இரண்டு தனியுறுப்புகளை முதலில் எழுதிச் சேர்த்துவிட்டு, எதற்குக் காரணமோ காலமோ தேவை என்று பார்த்து, சார்புறுப்பை அதன் பக்கத்திலேயே வைப்பது நல்லது. தள்ளி வைத்தால் அது வேறொன்றின்மேல் சாயும். மூன்று, நான்கு உறுப்புகளுக்கு மேல் போகாமல் இருப்பது வாசிப்பவருக்குச் செய்யும் மரியாதை.

மடல் 6

உறுப்பு என்பதையே எடுத்துக்கொள்கிறேன். "கூற்றை" என்று எழுதிப் பார்த்ததும் தடை விளங்கிவிட்டது. தொடர்கலவையைத் திரும்பப் பெறுகிறேன். பட்டியலில் இப்படி ஏற்றுகிறேன்:

கூட்டுக்கலவை வாக்கியம்: இரண்டோ அதற்கு மேலோ தனியுறுப்புகள் தம்முள் சேர்ந்தும், அவற்றில் ஒன்றையேனும் குறைந்தது ஒரு சார்புறுப்பு சார்ந்தும் வரும் ஆங்கில வாக்கியம். ஓர் எழுவாயைப் பகிரும் பல வினைகள் ஓர் உறுப்பாகவே கொள்ளப்படும்.

காம்பவுண்ட் வாக்கியத்துக்குக் கூட்டுவாக்கியம் என்பதை முதற்சொல்லாகவும், தொடர்வாக்கியம் என்பதை "தமிழ் வரையறை வேறு" என்ற குறிப்போடு இரண்டாம் சொல்லாகவும் இடுகிறேன். கூட்டுக்கலவை என்பதில் ககர ஒற்று கட்டாயம். இடைவெளி விட்டுக் "கூட்டு கலவை" என்று எழுதினால் இரண்டு வகைகளின் பெயர்கள் அடுத்தடுத்து நிற்பதாகவே படும்.