வேலையின்மை ஏறினால் ஆட்சி கவிழுமா? அமெரிக்கக் கணக்கு உதைக்கிறதே!

குழப்பவாதி கேட்டது:
அமெரிக்க அதிபர் தேர்தல் பற்றிக் கல்லூரியில் ஒரு கட்டுரை கேட்டிருக்கிறார்கள். 'வேலையின்மை அதிகமாக இருந்தால் ஆட்சியில் இருப்பவர் தோற்பார்' என்று முதல் பத்தியைத் துணிச்சலாக எழுதிவிட்டேன். அப்புறம்தான் எண்களைத் தேடினேன். 1980, 84, 92 மூன்று தேர்தலிலும் விகிதம் ஏழரை சதவீதத்தை ஒட்டித்தான் இருந்திருக்கிறது. கார்ட்டர் தோற்றார், அப்பா புஷ் தோற்றார், நடுவில் ரீகன் மட்டும் 49 மாநிலங்களை அள்ளிக்கொண்டு போனார். 2012ல் 7.9, ஒபாமா ஜெயித்தார். 2024ல் வெறும் 4.1, ஆட்சியிலிருந்த கட்சியின் ஹாரிஸ் தோற்றார். முதல் பத்தியை அழித்துவிடவா?

பழைய ஷிஃப்ட்காரன்:
அழிக்க வேண்டாம் தம்பி. 'அதிகமாக இருந்தால்' என்பதை 'ஏறிக்கொண்டிருந்தால்' என்று மாற்றிப் பாருங்கள். ரீகன் காலத்தில் 1982 கடைசியில் 10.8 வரை போன விகிதம், 84ல் இறங்குமுகம். புஷ்ஷுக்கு 92 ஜூனில் 7.8 வரை ஏறியது, தேர்தல் நேரத்தில் கொஞ்சம் இறங்கியும் பயனில்லை.

நான் மிச்சிகனில் கார் உதிரிபாக ஆலை ஒன்றில் தரப் பரிசோதனையில் இருந்தேன். 2009 பிப்ரவரியில் எங்கள் ஷிஃப்டையே எடுத்துவிட்டார்கள். அந்த ஆண்டு மாநிலத்தில் வேலையின்மை 14 சதவீதத்தைத் தாண்டியது என்பதைப் பின்னால் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். எனக்கு மனதில் நிற்பது ஆலையின் பார்க்கிங். பாதி இடத்தில் பனியை வழிக்கக்கூட ஆள் வரவில்லை, வண்டி இருந்தால்தானே வழிக்க! 2012ல் வேறொரு ஆலையில், மணிக்கு ஆறு டாலர் குறைவான கூலிக்குச் சேர்ந்திருந்தேன். அங்கே மூன்றாவது வரிசை வரை வண்டிகள். சனிக்கிழமை ஓவர்டைமுக்கு வருகிறீர்களா என்று சூப்பர்வைசர் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வருவார். குடியுரிமை வாங்கி நான் போட்ட முதல் ஓட்டு அந்த நவம்பரில்தான்.

அப்போதும் மிச்சிகன் விகிதம் நாட்டுச் சராசரியைவிட அதிகம். எதிரில் நின்ற ராம்னியோ மிச்சிகனின் கார் நகரமான டெட்ராய்டில் பிறந்தவர், அவர் அப்பா இதே மாநிலத்தில் கவர்னராக இருந்தவர். ஆனாலும் மாநிலம் ஒபாமாவுக்குத்தான் போனது. காரணம், 2008ல் ராம்னி எழுதிய ஒரு கட்டுரை 'டெட்ராய்ட் திவாலாகட்டும்' என்ற தலைப்பில் வந்திருந்தது. தலைப்பை வைத்தது பத்திரிகை. அவர் உள்ளே சொன்னது, கார் கம்பெனிகளை அரசு பணம் கொடுத்துத் தூக்கிவிடாமல், ஒழுங்குபடுத்திய திவால் நடைமுறைக்கு விட வேண்டும் என்று. ஒபாமா அரசோ பணம் கொடுத்தது. ஆனால் டீ இடைவேளையில் யார் முழுக்கட்டுரையைப் படித்தார்கள்? எண் இறங்குகிறதா என்பதோடு, யாரால் இறங்கியது என்று ஜனங்கள் நம்புகிறார்கள் என்பதும் சேர வேண்டும்.

சந்தேக சாமி:
முதலில் அந்த எண்ணையே எத்தனை பேர் நம்புகிறார்கள்? ஏறக்குறைய 60,000 வீடுகளில் விசாரித்துப் போடுகிற கணக்கு அது. கணக்கெடுக்கும் வாரத்தில் கூலிக்கு ஒரு மணி நேரம் உழைத்திருந்தாலே 'வேலையில் இருப்பவர்'. நான்கு வாரமாக வேலை தேடாமல் சோர்ந்து உட்கார்ந்துவிட்டால் 'வேலையில்லாதவர்' பட்டியலிலும் இடமில்லை. ஷிஃப்ட்காரரின் ஆறு டாலர் நஷ்டம் இதில் எங்கே தெரியும்?

2012 அக்டோபரில் விகிதம் 8.1லிருந்து 7.8க்கு இறங்கியதாக அறிவித்ததுமே, ஜெனரல் எலக்ட்ரிக் முன்னாள் தலைவர் ஜாக் வெல்ச், சிகாகோ ஆட்கள் (ஒபாமா தரப்பைத்தான் சொன்னார்) எண்ணை மாற்றிவிட்டார்கள் என்று ட்வீட் போட்டார். ட்ரம்ப் 2016 பிரசாரம் முழுக்க இது பொய்க் கணக்கு என்றார். 2017 மார்ச்சில் நல்ல எண் வந்ததும் அவருடைய செய்தித் தொடர்பாளர், முன்பு போலியாக இருந்திருக்கலாம், இப்போது ரொம்ப நிஜம் என்றாரே, அதுதான் உச்சம்! தன் கட்சி ஆட்சியில் இருந்தால் எண் நிஜம், இல்லாவிட்டால் பித்தலாட்டம்.

குழப்பவாதி:
அப்படியானால் 2024? 4.1 என்பது நல்ல எண்தானே?

பழைய ஷிஃப்ட்காரன்:
நல்ல எண்தான். ஆனால் வேலை போவது நூற்றில் நான்கு பேருக்கு, விலை ஏறுவது நூறு பேருக்கும். 2022 ஜூனில் பணவீக்கம் 9.1 சதவீதம். பிறகு அது தணிந்தது, சரி. தணிந்தது என்றால் விலை ஏறும் வேகம் குறைந்தது என்றுதான் பொருள், ஏறின விலை இறங்கவே இல்லை. என் மனைவி பழைய கடை ரசீதுகளைத் தூக்கிப்போட மாட்டாள். அவளிடம் 4.1 என்று சொல்லிப் பாருங்கள்!

இன்னொன்று. என் 'திசை' வாதத்தை அப்படியே கட்டுரையில் இறக்கிவிடாதீர்கள். 2020 அதை உதைக்கிறது. ஏப்ரலில் 14.7, அங்கிருந்து மடமடவென்று இறக்கம். தேர்தலுக்கு முன் கடைசியாக வெளியானது 7.9. ஒபாமா ஜெயித்தபோது கடைசியாக வெளியான அதே 7.9. ட்ரம்ப் தோற்றார். கோவிட் என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம், ஆனால் உங்கள் பேராசிரியர் அதோடு விடுவாரா என்று தெரியவில்லை.