தென்காசிக்குக் குடிவருகிறோம்: அரசுப் பள்ளியை எப்படிப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

ஆவடிக்காரி:

வணக்கம். வர்ற மே மாசம் ஆவடியைக் காலி பண்ணிட்டு தென்காசிக்கு வர்றோம். வீட்டுக்காரருக்கு மத்தளம்பாறைப் பக்கம் வேலை. எனக்கு வீட்டிலிருந்தே கணக்கு எழுதுற வேலைதான், எந்த ஊர்லயும் ஓட்டிக்கலாம். பெரியவன் ஆறாவது, சின்னவ ரெண்டாவது. இப்போ ரெண்டு பேரும் சிபிஎஸ்இ. வருஷத்துக்கு எவ்வளவு பீஸ் கட்டுறோம்னு மாமியார்கிட்ட இதுவரைக்கும் சொன்னதில்ல, சொன்னா நெஞ்சைப் பிடிச்சுக்குவாங்க.

அரசுப் பள்ளியில சேர்க்கிறதுன்னு முடிவாயிடுச்சு. "சேர்க்கலாமா, வேண்டாமா" விவாதம் இங்க வேண்டாம், அது எங்க வீட்டுலயே வேண்டிய மட்டும் நடந்தாச்சு. எந்தப் பள்ளிங்கிறதுதான் கேள்வி. நெட்ல தேடினா ஒரு பள்ளிக்கு நாலரை ஸ்டார், கீழ பூரா பழைய மாணவர்கள் போட்ட இதயமும் கைகூப்பும்தான். வீட்டுத் தரகரைக் கேட்டா "இங்க எல்லாமே நல்ல ஸ்கூல்தான் மேடம்"ங்கிறார்.

மேலகரம், இலஞ்சி, குத்துக்கல்வலசை மூணுல எங்க வீடுன்னு இன்னும் முடிவாகல. பள்ளியைப் பார்த்துட்டு அது பக்கமா வீடு பிடிக்கலாம்னு இருக்கேன். பொங்கல் லீவை ஒட்டி ரெண்டு நாள் வர்றேன். என்ன பார்க்கணும், யார்கிட்ட என்ன கேட்கணும்?

செங்கோட்டை ரோடு:

சிம்பிள். பத்தாவது, பன்னிரண்டாவது ரிசல்ட் பாருங்க. 100 சதவீதம்னு வாசல்ல பேனர் தொங்கும். அந்தப் பள்ளியில போடுங்க. அரசுப் பள்ளின்னா மெடிக்கல் சீட்டுல 7.5 சதவீத ஒதுக்கீடு வேற இருக்கு, பையன் டாக்டர் ஆயிடுவான்.

ஓய்வு டீச்சர்:

இடைநிலை ஆசிரியையாகச் சேர்ந்து ஒன்றியப் பள்ளித் தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றவள் நான். இந்தப் பக்கமெல்லாம் திருநெல்வேலி மாவட்டமாக இருந்த காலத்திலிருந்து வேலை பார்த்திருக்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த பேனர். 100 சதவீதம் என்றால் எத்தனை பேரில் 100 என்று யாரும் எழுதுவதில்லை. தேர்வு எழுதியவர் பதினெட்டுப் பேர், பதினெட்டும் தேர்ச்சி, சரி. அந்தப் பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது பதிவேட்டில் எத்தனை பேர் என்று கேளுங்கள். முப்பது என்று வந்தால் மிச்சம் பன்னிரண்டு பேர் எங்கே போனார்கள்? சிலர் நிஜமாகவே ஊர் மாறியிருப்பார்கள். சிலரை "இவன் தேற மாட்டான், டிசி வாங்கிக்கோங்க" என்று அனுப்பியிருப்பார்கள். தனியார் பள்ளியில் இது அதிகம், அரசுப் பள்ளியில் அறவே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். முப்பது பேரையும் வைத்துக்கொண்டு 90 சதவீதம் காட்டுகிற பள்ளியில்தான் என் பேத்தியைச் சேர்ப்பேன்.

அடுத்து 7.5. அதை நம்பி யாரும் பள்ளி மாற்ற வேண்டாம். 2020ல் வந்த சட்டப்படி ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். ஆவடிக்காரி, உங்கள் பெரியவன் ஆறாவதைத் தனியாரில் படிக்கிறான், அதனால் அவனுக்குக் கிடையாது. சின்னவளுக்குக் கிடைக்கும், ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியில் இருந்தால். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்: அரசு உதவி பெறும் பள்ளி இந்தக் கணக்கில் வராது. நகராட்சிப் பள்ளி, ஒன்றியப் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி எல்லாம் வரும். இலஞ்சி, தென்காசிப் பக்கம் பேர்போன உதவி பெறும் பள்ளிகள் உண்டு, நல்ல பள்ளிகள், குறை சொல்லவில்லை. ஆனால் அங்கே ஒரே வளாகத்துக்குள் உதவி பெறும் பிரிவு, சுயநிதிப் பிரிவு என்று இரண்டு ஓடலாம். ஆங்கில வழி கேட்டால் சுயநிதியில் போட்டு ரசீது கிழிப்பார்கள். சேர்க்கும் முன்னால் எந்தப் பிரிவு என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

இனி உங்கள் கேள்வி. பொங்கலை ஒட்டி வராதீர்கள். லீவுக்கு முந்தின நாள் பள்ளியில் சமத்துவப் பொங்கல் பானையும் கோலமும்தான் இருக்கும், மறுநாள் பூட்டு. ஜனவரி கடைசியில், குடியரசு தினக் கொடியேற்றம் முடிந்த பிறகு வாருங்கள். செவ்வாய், புதன் போல ஒரு நாள், காலை பதினோரு மணிக்கு. நேரே வகுப்புக்குப் போக விடமாட்டார்கள், விடவும் கூடாது. தலைமையாசிரியர் அறைக்குப் போய், வருகிற கல்வியாண்டில் இரண்டு பிள்ளைகளைச் சேர்க்க வந்திருக்கிறேன் என்று சொல்லுங்கள். சேர்க்கை குறைந்து கிடக்கிற இந்தக் காலத்தில் அந்த ஒரு வாக்கியத்துக்கு நாற்காலி வரும்.

உட்கார்ந்ததும் சுவரைப் பாருங்கள். பெரும்பாலான பள்ளிகளில் பணியிட விவரம் என்று ஒரு பலகை இருக்கும். அனுமதிக்கப்பட்ட பணியிடம், பணிபுரிவோர், காலி என்று மூன்று கட்டம். ஸ்மார்ட் போர்டு, ஹைடெக் லேப் எல்லாவற்றையும் விட எனக்கு அந்த மூன்றாவது கட்டம்தான் முக்கியம். பெரியவனுக்குக் கணக்கு, அறிவியல், ஆங்கிலப் பட்டதாரி ஆசிரியர் இருக்கிறார்களா? காலி என்றால் எப்போதிலிருந்து காலி? பெற்றோர் ஆசிரியர் கழகம் மூலம் தற்காலிகமாக யாராவது வருகிறார்களா? பலகையில் பெயர் இருந்தும் ஆள் இல்லாமல் இருக்கலாம், மாற்றுப் பணி என்று வேறு பள்ளிக்கு அனுப்பியிருப்பார்கள். "எல்லாரும் இன்னிக்கு வந்திருக்காங்களா சார்?" என்று சாதாரணமாகக் கேட்டாலே தெரிந்துவிடும்.

சின்னவள் விஷயத்தில் இது இன்னும் முக்கியம். கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்கப் பள்ளியில் அறுபது பிள்ளை வரைக்கும் இரண்டு ஆசிரியர்தான். ஐந்து வகுப்பு, இரண்டு பேர். அதில் ஒருவர் தலைமையாசிரியர், வட்டார வள மையத்தில் கூட்டம் என்றால் அவர் கிளம்பிவிடுவார், மற்றவர் ஐந்து வகுப்பையும் ஒரே அறையில் உட்கார வைப்பார். நானே அப்படி மேய்த்திருக்கிறேன். அது நடத்துபவரின் குற்றம் இல்லை, ஆனால் உங்கள் பிள்ளை அங்கே என்ன படிக்கும் என்பது வேறு கேள்வி. நடுநிலைப் பள்ளியோடு சேர்ந்த தொடக்க வகுப்பு கிடைத்தால் பாருங்கள். எட்டாவது வரை உள்ள இடத்தில் கை கூடுதலாக இருக்கும், ஒருவர் போனாலும் வகுப்பு நிற்காது.

பிறகு நோட்டுப் புத்தகம். இதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. "பிள்ளைகள் எழுதின நோட்டு ரெண்டு பார்க்கலாமா?" என்று கேட்டால், முதல் பெஞ்சுப் பிள்ளையின் நோட்டைத்தான் கொண்டுவருவார்கள், முத்து முத்தாக இருக்கும். அதைப் பாராட்டிவிட்டு அடுக்கின் நடுவிலிருந்து ஒன்றை நீங்களே எடுங்கள். பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில் ஒரு டிக், அடியில் சின்னக் கையெழுத்து, தேதி. அது போதாது. தப்பாக எழுதின சொல்லை வட்டமிட்டிருக்கிறார்களா? அதைப் பிள்ளை கீழே திருத்தி எழுதியிருக்கிறதா? நான் பார்த்த ஒரு நோட்டில் 'பள்ளிக்கூடம்' என்பதை 'பள்ளிகூடம்' என்று பிள்ளை வரிசையாக எழுதியிருந்தான், ஒவ்வொரு வரிக்கும் டிக். அந்த டிக் அதிகாரி வருவார் என்று போட்டது. இன்னொரு பள்ளியில் அதே பிழைக்கு ஆசிரியை 'க்' என்று ஓரத்தில் எழுதி அம்புக்குறி போட்டிருந்தார், அடுத்த பக்கத்தில் பிழை இல்லை. கட்டடம் பழசு, மழைக்கு ஒழுகும். ஆனாலும் நான் தேர்ந்தெடுப்பது அந்தப் பள்ளியைத்தான்.

ஒன்று முதல் ஐந்து வரை 'எண்ணும் எழுத்தும்' என்ற அடிப்படை வாசிப்பு, கணக்குத் திட்டம் நடக்கிறது. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து வைத்திருப்பார்கள். மூன்றாம் வகுப்பில் எத்தனை பேர் இன்னும் அரும்பு, அதாவது முதல் நிலை, என்று கேளுங்கள். பளிச்சென்று பதில் சொல்கிற ஆசிரியைக்குத் தன் வகுப்பு தெரியும். "எல்லாரும் மலர்தான்" என்று சொன்னால் நம்பாதீர்கள்.

கடைசியாகக் கழிப்பறை. காலையில் எல்லா இடத்திலும் சுத்தமாக இருக்கும், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பாருங்கள். தண்ணீர் வருகிறதா, உள்தாழ்ப்பாள் இருக்கிறதா. ஆசிரியரைக் கேட்காதீர்கள், எட்டாம் வகுப்புப் பெண்பிள்ளை ஒருத்தியைக் கேளுங்கள். அவள் தயங்கினாலே பதில் வந்துவிட்டது.

குத்துக்கல்வலசை அப்பா:

டீச்சர் சொன்னதுல பாதி எனக்கே இப்பதான் தெரியுது. நான் ஆட்டோ ஓட்டுதேன், எம் மக அரசுப் பள்ளியில எட்டாவது படிக்கா, பள்ளி மேலாண்மைக் குழுவுல நானும் ஒரு ஆளு. அக்கா, ஹெச்எம்மை மட்டும் பாத்துட்டுப் போயிராதீங்க. குழுத் தலைவர் யாருன்னு கேட்டு அவங்களைப் பாருங்க, அது பிள்ளையைப் படிக்கப் போட்ட ஒரு தாயோ தகப்பனோதான். கூட்டம் நடக்கா, கடைசியா என்ன தீர்மானம் போட்டாங்கன்னு கேளுங்க. "காம்பவுண்டு சுவர் வேணும்"னு வருசக்கணக்கா ஒரே தீர்மானம் ஓடுச்சுன்னா அங்க குழு பேருக்குத்தான் இருக்கு.

எங்க பள்ளியில கணக்கு வாத்தியார் இடம் காலியா கெடந்துச்சு. நாங்க தீர்மானம் போட்டு, மனு எழுதி, கிராம சபையிலயும் எந்திரிச்சுப் பேசினோம். ஆபீசுல "வரும், வரும்"னே சொன்னாவ. ஒரு வழியா கவுன்சிலிங்கில ஆள் வந்துட்டாரு. இதை ஏன் சொல்லுதேன்னா, நீங்க ஜனவரியில பாக்குற பலகை ஜூன்ல மாறிரும். மாறுதல் கலந்தாய்வு முடிஞ்சதும் ஹெச்எம்முக்கு ஒரு போன் போட்டு "கணக்கு சார் இருக்காரா, போயிட்டாரா"ன்னு கேட்டுக்கோங்க.

கிராம சபை ஊராட்சியிலதான் நடக்கும். மேலகரமும் இலஞ்சியும் பேரூராட்சி, அங்க கிராம சபை கெடையாது. வீடு பாக்கையில இதையும் மனசுல வச்சுக்கோங்க.

ஒண்ணு விட்டுப்போச்சு. ஜூன் ஜூலையில சாரல் புடிச்சா விடாது. மெட்ராஸ்ல மழைன்னா லீவு விடுவாவ, இங்க சாரலுக்கெல்லாம் லீவு கெடையாது, பிள்ளைய நனைஞ்சுட்டேதான் போகும். யூனிபார்ம் காயாது, மாத்துக்கு ஒண்ணு கூட வச்சுக்கோங்க. நடந்து போற தூரத்துல பள்ளி இருந்தா நல்லது.

ஆவடிக்காரி:

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. பொங்கல் டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிட்டேன், ஜனவரி கடைசிக்கு மாத்துறேன். டீச்சர், மூணு சந்தேகம். பெரியவனுக்குத் தமிழ் பேசத் தெரியும், எழுதினா எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும். ஏழாவதுல ஆங்கில வழியில போட்டா சமாளிப்பானா? ரெண்டாவது, நடுநிலைப் பள்ளியில போட்டா எட்டாவதுக்கு அப்புறம் மறுபடியும் மாத்தணுமே? மூணாவது, இங்க டிசி கொடுக்க இழுத்தடிப்பாங்கன்னு பயமா இருக்கு, கடைசி டெர்ம் பீஸ்ல கொஞ்சம் தகராறு.

ஓய்வு டீச்சர்:

ஆங்கில வழி என்று பலகையில் இருக்கும். பல பள்ளிகளில் ஆள் குறைவால் தமிழ் வழி, ஆங்கில வழி இரண்டையும் ஒரே அறையில் வைத்து ஒரே ஆசிரியர் நடத்துவார், விளக்கம் எல்லாம் தமிழில்தான். உங்கள் மகனுக்கு அது நல்லதே. எந்த வழியில் படித்தாலும் தமிழ்ப் பாடம் எழுதியே ஆக வேண்டும். பாடநூல் கழகத்துப் புத்தகங்கள் நெட்டில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆறாம் வகுப்புத் தமிழை இறக்கி, இப்போதிலிருந்தே தினம் அரைப் பக்கம் பார்த்து எழுதச் சொல்லுங்கள், பிறகு அதையே நீங்கள் சொல்லச் சொல்ல எழுதட்டும். ல, ழ, ள மூன்றும் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. தமிழ் வழிக்கு அரசு வேலையில் 20 சதவீதம் உண்டு என்று யாராவது ஆசை காட்டுவார்கள். அதற்கு ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழி வேண்டும், உங்கள் பிள்ளைகள் இருவருக்கும் அது பொருந்தாது. அதை மறந்துவிட்டு எது புரியுமோ அதில் போடுங்கள்.

பெரியவனை நேராக மேல்நிலைப் பள்ளியிலேயே போடுங்கள், ஒரே மாற்றத்தோடு போகட்டும். பதினொன்றில் எந்தெந்தப் பிரிவு நடக்கிறது என்று இப்போதே கேட்டுவிடுங்கள். சில பள்ளிகளில் உயிரியல் பிரிவு இருக்கும், முதுகலை ஆசிரியர் இருக்க மாட்டார். சின்னவளை நடுநிலையில் போடுங்கள். காலை உணவும் உண்டு, முதல் நாள் உப்புமாவுக்கு முகம் சுளிப்பாள், பிறகு கூட்டத்தோடு சாப்பிடுவாள்.

டிசி: எட்டாம் வகுப்பு வரை டிசி வரத் தாமதம் என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கக் கூடாது, கல்வி உரிமைச் சட்டம் ஐந்தாம் பிரிவு. ஆனால் நடைமுறையில் சிக்கல் எமிஸில்தான், அதாவது மாணவர் விவரம் பதிகிற அரசு இணையப் பதிவேட்டில். பழைய பள்ளி பிள்ளையின் பெயரைப் பொதுத் தொகுப்புக்கு விடுவித்தால்தான் புதிய பள்ளி எடுக்க முடியும். தகராறைப் பேசி முடித்துவிட்டு, கடைசி நாள் அலுவலகத்தில் நின்று விடுவித்துவிட்டார்களா என்று கேட்டு, எமிஸ் எண்ணைக் குறித்துக்கொண்டு கிளம்புங்கள். அப்படியும் விடுவிக்காவிட்டால் இங்கே சேர்க்கும்போது தலைமையாசிரியரிடம் சொல்லுங்கள், வட்டாரக் கல்வி அலுவலகம் மூலம் கேட்டு வாங்குவார். பிறப்புச் சான்று, ஆதார் நகல், சாதிச் சான்று இருந்தால் அதுவும், எல்லாவற்றிலும் பெயர் எழுத்து ஒரே மாதிரி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.